காற்றின்மேற் பழிபோடும் அறிவியல்

2020 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் சகாராப் பாலைவனத்தில் எழுந்த பெருந்தூசிப் படலமொன்று அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து கரிபியன் தீவுகளையும் ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியையும் மூடியது. பத்திரிகைகள் திரைப்பட அரக்கனொன்றின் பெயரைச் சூட்டி அதனைக் ‘கொட்சில்லா’ என அழைத்தன. கொள்ளைநோய் உலகை வாட்டிக்கொண்டிருந்த அந்நாட்களில், அவ்வரக்கன் தன் முதுகில் ஆபிரிக்காவின் கிருமிகளையும் சுமந்து வருகின்றானோ என்ற கேள்வி எழாதிருந்திருந்தாற்றான் வியப்பு.

ஆபிரிக்கத் தூசி நோய் பரப்புகின்றது என்னும் குற்றச்சாட்டு கால் நூற்றாண்டிற்கு மேலாக ஒலித்து வருகின்றது. அறிவியல் ஏடுகளில் அது பெரும்பாலும் தயக்கத்தோடு எழுதப்படுகின்றது. செய்தித்தாள்களை வந்தடையும்போது அத்தயக்கம் உதிர்ந்துவிடுகின்றது. தமிழாக்கம் பெறும்போதோ, ‘இருக்கலாம்’ என்றது ‘இருக்கிறது’ என்றாகி, ஐயம் தீர்ந்த உண்மைபோல நம் மாணவர் கைக்கு வந்து சேர்கின்றது. இக்கட்டுரை அந்தக் குற்றச்சாட்டை எதிர்த்து எழுதப்படுவது.

தூசியில் உயிர்கள் உள்ளன என்பதை நாம் மறுக்கவில்லை, மறுக்கவும் இயலாது. ஆனால் தூசியில் ஓர் உயிர் காணப்பட்டது என்பது ஒரு கூற்று. அது கடலைக் கடந்தும் உயிரோடிருந்தது என்பது இன்னொரு கூற்று. வந்திறங்கிய இடத்தில் அதுவே நோயை உண்டாக்கிற்று என்பது முற்றிலும் வேறொரு கூற்று. முதலாவதை நிறுவிய கையோடு மூன்றாவதை முடிந்த முடிபாக அறிவிக்கும் வழக்கம் வெறும் தருக்கப் பிழையோடு நின்றுவிடுவதில்லை. கழிவுநீரைக் கடலில் விட்டவனும், நோயுற்ற இறைச்சியைப் பன்றிக்குத் தீனியாகப் போட்டவனும், தடுப்பு மருந்துக்குப் பணம் ஒதுக்க மறுத்தவனும் வானத்தைச் சுட்டிக்காட்டித் தப்பித்துக்கொள்ள அது வழி செய்கின்றது.

இத்துறையின் வரலாறே நமக்கு முதலாவது சான்று. 1832 ஆம் ஆண்டு சனவரியிற் ‘பீகிள்’ கப்பல் வேர்தேமுனைத் தீவுகளின் அருகே நின்றபோது, பாய்மர உச்சியிலிருந்த காற்றுக்காட்டியின் வலைத்துணியிற் படிந்த பழுப்புநிறத் தூசியைச் சாள்ஸ் டார்வின் சேகரித்து வைத்தார். புவிச்சரிதவியலாளர் லயல் கொடுத்த நான்கு பொட்டலங்களையும் அதனோடு சேர்த்துப் பேர்லினிலிருந்த ஏரன்பேர்க்கிற்கு அனுப்பினார். நுணுக்குக்காட்டியின் வழியே நுண்ணுயிர்களை வகைப்படுத்துவதில் அக்காலத்தில் அவருக்கு இணையானவர் அரியர். ஐந்து பொட்டலங்களிலும் அறுபத்தேழு சேதன உருவங்களை அவர் கண்டார். தயற்றம் எனப்படும் சிலிக்கா ஓடுடைய நுண்பாசிகளும், தாவர இழையங்களின் சிலிக்காத் துணுக்குகளும் அவற்றுள் அடங்கும். இரண்டு தவிர ஏனைய நுண்ணுயிர் இனங்கள் அனைத்தும் நன்னீருக்குரியவை.

இதுவரை எல்லாம் சரியே. அடுத்து நிகழ்ந்ததே கவனிக்கத்தக்கது. ஆபிரிக்காவுக்கே உரியனவாகத் தாம் அறிந்திருந்த இனங்கள் எவையும் அத்தூசியில் இல்லை என்றும், தென்னமெரிக்க இனங்கள் இரண்டு உள என்றும் கண்ட ஏரன்பேர்க், தூசியின் தாயகத்தைத் தென்னமெரிக்காவை நோக்கித் தேடலானார். டார்வினோ காற்று வீசிய திசையையும், தூசி விழுந்த மாதங்களையும், கப்பல்கள் நின்ற இடங்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்து, அது ஆபிரிக்காவிலிருந்தே வந்தது என 1846 இல் எழுதினார். உயிர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பெயரிட்டவர் வழி தவறினார். காற்றைப் பார்த்தவர் சரியாகச் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிவது மட்டும் அது எங்கிருந்து வந்தது, என்ன செய்தது என்பவற்றைச் சொல்லப் போதாது என்பதற்கு இதனினும் பழைய சான்று இத்துறையில் இல்லை.

பேர்லினிற் பேணப்பட்ட அப்பழந்தூசியை மீண்டும் ஆராய்ந்தோர், ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அதிலிருந்து பற்றீரியாக்களையும் பங்கசுகளையும் வளர்க்க முடிந்தது என 2007 இல் அறிவித்தனர். ஆகவே தூசியில் உயிர் தாக்குப்பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. காற்றில் உயிர் எங்கும் ஒரே அளவாக நிறைந்திருப்பதில்லை என்பதையும் 1860 இலேயே லூயி பாஸ்ரர் காட்டியிருந்தார். அவர் திறந்து மூடிய குடுவைகளுள், மலையடிவாரத்தில் இருபதுக்கு எட்டும், சூரா மலையில் இருபதுக்கு ஐந்தும், ஆல்ப்சு மலையின் பனிப்பாறை அருகே இருபதுக்கு ஒன்றும் மாத்திரமே கெட்டன. பின்னர் 1930 களில் இத்துறைக்கு வளியுயிரியல் என்று பெயரிட்ட பிரெட் மையர் என்னும் அமெரிக்கத் தாவரநோயியலாளர், ஆட்டிக் வானில் விமானமோட்டிய லிண்ட்பேர்க்கைக் கொண்டு வித்திகளைப் பிடிப்பித்தார். அவர் தாமும் 1938 இல் வித்தி தேடிப் பசுபிக் சமுத்திரத்தின்மேற் பறந்தபோது விமானத்தோடு மறைந்துபோனார். இத்துறைக்காக உயிரைக் கொடுத்தவர்களும் உளர் என்பதற்காக இதனைக் குறிப்பிட்டோம்.

தூசியின் அளவு மனிதக் கற்பனைக்கு அடங்காதது. செய்மதி அளவீடுகளைக் கொண்டு 2015 இல் வெளியிடப்பட்ட கணிப்பின்படி, ஆபிரிக்கக் கரையை விட்டு மேற்கே செல்லும் தூசி ஆண்டொன்றுக்குச் சராசரி 182 மில்லியன் தொன். அதில் ஏறக்குறைய 28 மில்லியன் தொன் அமேசன் வடிநிலத்தில் விழுகின்றது. அதனுடன் 22,000 தொன் பொசுபரசும் சேர்கின்றது. இத்தூசியின் பேரூற்றுகளுள் ஒன்று சாட் நாட்டிலுள்ள போடெலே தாழ்நிலம். ஒருகாலத்திற் பேரேரியாக இருந்து வற்றிய அந்நிலத்தின் வெண்மண், தயற்றங்களின் ஓடுகளாலானது. ஏரன்பேர்க் கண்ட நன்னீர் உயிர்களுக்குப் பாலைவனத்தில் என்ன வேலை என்று கேட்போருக்கு இத்தகைய ஏரிப்படுகைகளே விடை.

தூசி அமேசன் காட்டுக்கு உரமிடுகின்றது என்று சிலர் இதனையே புகழ்ந்து பாடுவதும் உண்டு. அக்காட்டை அடையும் பொசுபரசிற் கணிசமான பங்கு ஆபிரிக்காவில் எரியும் புல்வெளிகளின் புகையிலிருந்து வருவது என 2019 இல் வேறோர் ஆய்வு கூறியதை அவர்களும் மனங்கொள்ளல் வேண்டும். பழியானாலும் புகழானாலும் அவசரம் ஒன்றே.

இனி உயிர்களுக்கு வருவோம். கரிபியனை அடையும் தூசி ஏறக்குறைய ஒரு வாரம் வானில் இருக்கின்றது. வறட்சி, குளிர், கழியூதாக் கதிர் என்னும் மூன்றும் அதிலுள்ள உயிர்களைக் கொல்கின்றன. எஞ்சுபவை யாவை? தடித்த உறையுடைய வித்திகளாய் உறங்கும் பசிலசு வகைப் பற்றீரியாக்களும், கருநிறப் பொருளைத் தம் சுவரிற் கொண்ட பங்கசுகளும், தூசித் துணிக்கையின் வெடிப்புகளில் ஒதுங்கிக் கதிருக்குத் தப்பியவையுமே பெரும்பாலும் எஞ்சுகின்றன. பார்படோசுத் தீவிற் பேராசிரியர் புரொசுப்பெரோவும் அவரது குழுவினரும் செய்த ஆய்வு 2005 இல் வெளியாயிற்று. ஆபிரிக்கத் தூசி வந்த நாட்களிலேயே வளர்ப்பூடகத்தில் உயிர்கள் முளைத்தன. தூசியற்ற கடற்காற்றில் அநேகமாக ஒன்றும் முளைக்கவில்லை. இது நேர்மையான ஆய்வு: தூசியுள்ள நாளையும் இல்லாத நாளையும் ஒப்பிட்டது. அவ்வுயிர்கள் எந்த நோயையும் தந்தன என்று அது கூறவில்லை.

2018 இல் இன்னொரு செய்தி. இசுப்பானியாவின் சியரா நெவாடா மலையில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான பற்றீரியாக்களும், அவற்றினும் பன்மடங்கு மிகுந்த வைரசுகளும் வானிலிருந்து விழுகின்றன எனக் கணக்கிடப்பட்டது. வானத்திலிருந்து வைரசு மழை என்று கேட்டால் எவருக்கும் உடல் சிலிர்க்கும். ஆயின் இயற்கையிலுள்ள வைரசுகளில் மிகப் பெரும்பாலானவை பற்றீரியாவைத் தாக்குபவை; மனிதனைத் தீண்டாதவை. இத்தகைய மழை மனிதன் தோன்றுமுன்பே பெய்துகொண்டிருந்தது என்று கொள்ளாதிருக்க நமக்குக் காரணம் எதுவும் இல்லை.

முறைபற்றியும் ஒரு சொல். இன்று தூசியை ஆராய்வோர் அதிலுள்ள டி.என்.ஏ. துண்டுகளைப் படித்துப் பட்டியல் தருகின்றனர். இறந்த கலத்தின் டி.என்.ஏ. யும் உயிருள்ள கலத்தின் டி.என்.ஏ. யும் அப்பட்டியலில் ஒன்றே. மேலும், பட்டியல் பெரும்பாலும் சாதியைச் சொல்கின்றதேயன்றி இனத்தைச் சொல்வதில்லை. பசிலசு என்னும் சாதியில் ஆந்திராக்சுக் கிருமியும் உண்டு. மண்ணில் வாளாவிருக்கும் தீங்கற்ற உறவினர் பலரும் உண்டு. ‘நோயுண்டாக்கும் சாதிகள் தூசியிற் காணப்பட்டன’ என்ற வாக்கியம், கொலைகாரன் ஒருவனின் ஊரவர் பேருந்தில் ஏறினர் என்பதற்கு மேல் எதனையும் சொல்வதில்லை.

இப்போது வழக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மிகப் பேர்போனது கடல்விசிறி வழக்கு. கரிபியன் கடலில் விசிறிபோல் விரிந்து வளரும் ஒருவகை மென்முருகை உயிர்கள் 1990 களின் நடுப்பகுதியிற் பரவலாக நோயுற்று மடிந்தன. நோய்க்குக் காரணம் அசுப்பர்சில்லசு சிடோவி என்னும் பங்கசு என 1998 இற் கண்டறியப்பட்டது. அது நிலத்து மண்ணில் வாழ்வது. நிலத்துப் பங்கசு கடலுக்குள் எப்படிச் சென்றது? ஐக்கிய அமெரிக்காவின் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டில் ஆபிரிக்கத் தூசியைச் சுட்டிக்காட்டினர். சகேல் பிரதேசத்து வறட்சியால் 1970 களிலும் 1980 களிலும் கரிபியனில் தூசி பெருகியது உண்மை. அதே காலத்தில் முருகைக்கற்பாறைகள் சீரழிந்ததும் உண்மை. 1983 இற் கரிபியனெங்கும் கடல் முள்ளெலிகள் கூட்டங்கூட்டமாக இறந்ததும் அதே கணக்கில் எழுதப்பட்டது.

ஒரே காலத்தில் இரண்டு கோடுகள் ஏறின என்பதைத் தவிர இதில் ஆதாரம் எவ்வளவு? 2008 இல் ஓர் ஆய்வாளர் ஆபிரிக்கத் தூசி மாதிரிகளில் அப்பங்கசைத் தேடினார். வேறு அசுப்பர்சில்லசு இனங்கள் கிடைத்தன; சிடோவி கிடைக்கவில்லை. ஆபிரிக்கத் தூசி அதன் மூலமாயிருப்பது ஐயத்திற்குரியது என அவர் கட்டுரையின் தலைப்பிலேயே எழுதினார். அப்பங்கசு உலகெங்கும் பரந்து கலந்திருப்பது என்பதும் அதே ஆண்டிற் பிறப்புரிமையியல் முறையாற் காட்டப்பட்டது. முதற் குற்றச்சாட்டைக் கேட்டவர்களில் எத்தனை பேர் இம்மறுப்பைக் கேட்டனர்? கடல் முள்ளெலிகள் 2022 இல் மீண்டும் கரிபியனில் மடிந்தபோது, பிசிருடைய ஒருகல உயிரொன்றே காரணம் என அடுத்த ஆண்டில் நிறுவப்பட்டது. 1983 இன் மரணங்களுக்கும் அதுவே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நாம் எதிர்ப்போரின் பிழையையே நாமும் செய்தவராவோம்.

அதே கடலில் நடந்த இன்னொரு நோயை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புளோரிடாத் தீவுகளின் மான்கொம்பு முருகைகளில் வெண்புள்ளி நோய் பரவியது. அதன் காரணி செரேசியா மார்செசென்சு என்னும் பற்றீரியா என 2002 இல் அறியப்பட்டது. மனிதக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுத்த அப்பற்றீரியாவை ஆய்வுகூடத்தில் முருகையின்மேல் இட்டு, நோய் தோன்றுவதை 2011 இல் நேரிற் கண்டனர். இதுவே நிரூபணம். குற்றவாளி ஆறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இல்லை. கரையோரக் குழாயின் வாயிலில் நிற்கின்றான். வானத்துத் தூசியைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்குச் செலவு குறைவு. கழிவுநீர்க் குழாயைச் சீர்செய்வதற்கு வரி அறவிடல் வேண்டும்.

இரண்டாவது வழக்கு 2001 இல் பிரித்தானியாவிற் பரவிய கால்வாய் நோய். சகாராத் தூசி மேகமொன்று வந்த சில நாட்களில் நோய் வெளிப்பட்டது என்பதை வைத்து, வைரசு தூசியில் வந்திருக்கலாம் எனச் சில அறிவியலாளர் எழுதினர். அரசின் விசாரணையோ நோதம்பர்லாந்திலுள்ள ஒரு பன்றிப் பண்ணையைச் சென்றடைந்தது. சூடாக்கிப் பதப்படுத்தாத உணவுக் கழிவு அங்கே பன்றிகளுக்கு இடப்பட்டது. சட்டவிரோதமாக இறக்குமதியான இறைச்சி அதிற் கலந்திருந்தது என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. அதே ஆண்டு மே மாதத்தில் அத்தீனி முறை தடைசெய்யப்பட்டது. காற்றே குற்றவாளி என்று முடிவாகியிருந்தால் எதனைத் தடைசெய்திருப்பர்?

அவ்வைரசு காற்றிற் செல்லவே மாட்டாது என்பதன்று எம் வாதம். 1981 இற் பிரான்சின் பிரிட்டனி மாகாணத்திலிருந்து கடலுக்கு மேலாக ஏறத்தாழ 250 கிலோமீற்றர் சென்று வைற் தீவை அது அடைந்தமை நன்கு ஆராயப்பட்ட நிகழ்ச்சி. ஆனால் அங்கே புறப்பட்ட பண்ணை தெரியும், காற்றின் பாதை தெரியும், வந்த நாள் தெரியும். மண்ணிலிருந்து மனிதனுக்கு நோய் தொற்றுவதற்கும் இத்தகைய சான்று உண்டு. 1977 டிசெம்பரிற் கலிபோர்னியாவின் கேர்ண் மாவட்டத்து மண்ணைப் புயலொன்று அள்ளி நூற்றுக்கணக்கான மைல் வடக்கே கொண்டு சென்றது. அம்மண்ணுக்கே உரிய கொக்சிடியோய்டிசு என்னும் பங்கசாற் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வருவதுண்டு. அது அரிதாயிருந்த சக்ரமெந்தோப் பகுதியில், புயலுக்குப் பின்னர் நூற்றுக்கு மேற்பட்டோர் அக்காய்ச்சலாற் பீடிக்கப்பட்டனர். இவ்வகைச் சான்றைக் கொண்டு வருவோர் முன் நாம் தலைவணங்குகிறோம். சகாராத் தூசி பற்றி எழுதுவோரிடம் அதையே கேட்கிறோம்.

மூன்றாவது வழக்கிலே மனித உயிர்கள் உள்ளன. செனகலிலிருந்து எதியோப்பியா வரை நீளும் நிலப்பட்டையில் மூளைமென்சவ்வழற்சி அடிக்கடி கொள்ளைநோயாக எழுவதை 1963 இல் இலாப்பேசொனி என்னும் பிரெஞ்சு மருத்துவர் வரைந்து காட்டினார். ஆர்மத்தான் என்னும் வறண்ட தூசிக்காற்று வீசும் மாதங்களில் நோய் எழும். மழை தொடங்கியதும் அடங்கும். இதனைக் கண்டோர் தூசியே நோயைச் சுமந்து வருகின்றது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அந்நோயின் பற்றீரியா மனிதத் தொண்டையிலேயே வாழ்வது. வெளியே வந்தால் விரைவில் இறப்பது. அது பாலைவனப் பயணி அன்று. வறண்ட தூசி தொண்டையின் சீதமென்சவ்வைப் புண்படுத்த, ஏற்கெனவே அங்கே குடியிருந்த கிருமி குருதிக்குள் நுழைகின்றது என்பதே பொருத்தமான விளக்கம்.

1996 ஆம் ஆண்டிற் பரவிய கொள்ளைநோய் இரண்டரை இலட்சம் பேரைப் பீடித்து, இருபத்தையாயிரம் பேரைப் பலிகொண்டது. காற்றை நிறுத்த எவராலும் இயலாது. ஊசி போட இயலும். ஏ வகைக் கிருமிக்கு எதிரான தடுப்பு மருந்து இந்தியாவிற் பூனா நகரிலே, ஒரு வேளை மருந்து அரை டொலருக்கும் குறைவான விலையில், ஆபிரிக்காவுக்கென்றே தயாரிக்கப்பட்டு 2010 டிசெம்பரிற் புர்க்கினா பாசோவில் முதன்முதலாகப் பெருமளவில் ஏற்றப்பட்டது. 2017 இன் பின்னர் ஏ வகை நோயாளர் எவரும் உறுதிப்படுத்தப்படவில்லை. ஏனைய வகைகள் இன்னும் ஒழியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் ஆர்மத்தான் முன்போலவே வீசுகின்றது. தூசி முன்போலவே எழுகின்றது. ஏ வகை நோய் மாத்திரம் இல்லை. செல்வ நாடுகளின் மருந்து நிறுவனங்களுக்கு இலாபம் தராத அம்மருந்து பிறக்க எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இவ்விடத்தில் எமது நாட்டுக் கதையொன்றும் நினைவுக்கு வருகின்றது. அது பாலைவனத் தூசி பற்றியதன்று. காற்றிற் செல்லும் வித்தி பற்றியது. 1869 இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்சு அனுப்பிய இலைகளை ஆராய்ந்து இங்கிலாந்திற் பேர்க்லி அப்பங்கசுக்குப் பெயரிட்டார். 1880 இல் இங்கு வந்த மார்சல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர், கண்ணாடித் தகடுகளை வெளியே வைத்து, வித்திகளைக் காற்று சுமந்து செல்வதை நிறுவினார். அவர் அதனோடு நின்றிருந்தால் துரைமார் மகிழ்ந்திருப்பர். காற்றைக் குறைகூறுவதில் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் காட்டை முற்றாக வெட்டி, இடைவெளியின்றி மலைமேல் மலையாக ஒரே பயிரை நட்டதே நோய்க்கு விருந்து வைத்தது என்பதையும் அவர் கண்டுரைத்தார். காற்று பழையது, தோட்டம் புதியது. துரைமாரிற் பலர் கடனாளிகளாகி நாட்டை விட்டகன்றனர். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் முதுகு கோப்பிக் கூடையிலிருந்து தேயிலைக் கூடைக்கு மாறியது. அதே துரு 1970 இற் பிரேசிலிற் காணப்பட்டபோது, அது அங்கோலாவிலிருந்து காற்றில் அத்திலாந்திக்கைக் கடந்திருக்கலாம் என மறு ஆண்டிலேயே எழுதப்பட்டது. மனிதரும் நாற்றுகளும் கப்பலிலும் விமானத்திலும் நாள்தோறும் கடந்துகொண்டிருந்த கடல் அது.

எமக்கெதிராக ஒரு வாதம் உண்டு, அது வலுவானது. பார்சலோனா நகரிற் செய்யப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வின்படி, காற்றிலுள்ள பருந்துணிக்கை ஒரே அளவு கூடினாலும், சகாராத் தூசி வந்த நாட்களில் இறப்பு 8.4 வீதத்தாலும் ஏனைய நாட்களில் 1.4 வீதத்தாலும் கூடியது. தூசியில் உள்ள உயிர்ப்பொருள்கள் இதற்குக் காரணமாக இருக்கலாம் என அவ்வாய்வாளர்களும் கருதினர். இருக்கலாம். அதனை ஆராய வேண்டும். தூசி தீங்கற்றது என்று நாம் ஒருபோதும் சொல்லவில்லை. நுரையீரலுக்குள் நுழையும் எந்தத் துணிக்கையும் நல்லதன்று.

ஆனால் அத்தூசியை முதலில் மூச்சாக உள்வாங்குபவர் யார்? பார்சலோனா வாசியல்லர், புளோரிடாவின் கடல்விசிறியும் அன்று. போடெலேயின் அயலிலுள்ள பாயா இலார்சோ நகரத்தாரும், நைசரிலும் மாலியிலும் வாழும் உழவரும் இடையருமே. கரிபியனில் அத்தூசி 1965 முதல் அளக்கப்பட்டு வருகின்றது. பாலைவனத் தூசியும் மனித உடல்நலமும் பற்றி உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரையொன்று 2013 இல் வெளியானது. தூசியின் தாயகத்திற்கு மிக அருகிலுள்ள மேற்கு ஆபிரிக்காவைப் பற்றிய ஆய்வுகளே இல்லாத குறையை அது தன் தலைப்பிலேயே முறையிட்டது.